மனைவிக்குத் தெரியாமல் ஒரு மனை

நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கிறவனுக்கு வீட்டு விலாசத்தோடு ஒரு தேதியும் உண்டு. ஓய்வு பெறும் தேதி. அது வந்துவிட்டால் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கொல்லையில் நான் நட்ட பலா, மனைவி வைத்த முருங்கை, இருபத்தாறு வருஷமாக ஆணி அடித்து அடித்து நாங்கள் சல்லடையாக்கிய சுவர், எல்லாம் அடுத்து வருகிறவருக்கு. எனக்கு இன்னும் 14 மாதம் பாக்கி.

அதற்குப் பிறகு எங்கே என்பது எங்கள் வீட்டில் பேசப்படாத விஷயம். அவளுக்கு விருத்தாசலம் என்பது என் கணிப்பு. அவள் அண்ணன் தெருவிலேயே ஒரு மனை நமக்காகவே காலியாகக் கிடக்கிறது என்று அண்ணன் வருஷத்துக்கு இரண்டு தடவை சொல்வார். எனக்குப் பண்ருட்டிப் பக்கம். பலா, முந்திரி, செம்மண், முக்கியமாக மச்சான் இல்லாத ஊர். பேசினால் சண்டை வரும் என்ற பயமெல்லாம் எனக்குக் கிடையாது. சண்டையே வராது, நான் தோற்பேன், அவ்வளவுதான். ஆகவே ரகசியமாக இறங்கினேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, அவள் மெயின் பஜாருக்குக் காய்கறி வாங்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கம்ப்யூட்டரில் மனை தேடினேன். மனைவி என்ற சொல்லுக்குள்ளேயே மனை இருக்கிறது. அதை மட்டும் தனியாகக் கழற்றிக்கொண்டு போகப் பார்த்த ஆள் நான்.

கம்ப்யூட்டர் கூடத்தில், தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவே இருக்கிறது. மகள் காலேஜில் படிக்கும்போது வாங்கியது. 4 ஜிபி நினைவகம். சுழலும்போது யாரோ அம்மியில் துவையல் அரைக்கிற மாதிரி சத்தம் போடும் ஹார்ட் டிஸ்க். மகள் வேலைக்குச் சென்னை போன பிறகு அது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுச் சொத்து. நான் பேப்பர் படிப்பேன். அவள் சமையல் பார்ப்பாள், நாற்பது வருஷமாகச் சமைக்கிறவள் அதில் என்ன பார்க்கிறாளோ.

ஒரு நாள் சாயங்காலம் அவள் வத்தக்குழம்பு பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டைக்காய்க்கும் புளிக்கரைசலுக்கும் நடுவில் ஒரு பச்சை வயல், அதில் வெள்ளைக் கல் நட்டு, பண்ருட்டிக்கு மிக அருகில், பத்திரச் செலவு இலவசம்.

"என்னங்க, வத்தக்குழம்புக்கு எதுக்குங்க இருபதடி ரோடு?"

"இப்பல்லாம் எல்லாருக்கும் இதைத்தான் காட்டறான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தள்ளுவண்டிக்காரர் தராசைப் பிடித்திருக்கும் விரலைப் பார்க்கிற அதே பார்வை.

அன்று ராத்திரியே மகளுக்குப் போன் போட்டேன். உண்மையைச் சொல்ல முடியாது. "கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா இருக்கு பாப்பா. அப்புறம், நாம பார்த்ததெல்லாம் அதுலயே தங்குமா?" என்று இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கட்டிக் கேட்டேன். அவள் ஏதோ மீட்டிங்கில் இருந்தாள். "கேஷைக் கிளியர் பண்ணிப் பாருங்கப்பா" என்று வைத்துவிட்டாள். இரண்டு நோய்க்கும் ஒரே மாத்திரை என்று எடுத்துக்கொண்டேன். என் வீழ்ச்சி அங்கே ஆரம்பித்தது.

கேஷ் என்றால் பணம் என்று எடுத்துக்கொண்டு நடந்த கூத்தை எழுதினால், தாத்தா காலத்து ஜோக் என்பீர்கள். என்ன செய்வது, நடந்தது. "கேஷை மொத்தமா கிளியர் பண்ணப் போறேன்" என்று நான் உற்சாகமாக அறிவித்ததும், அடுப்படியிலிருந்து ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் அவள் அரிசி டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் ரகசிய இருப்பு வைத்திருக்கிறவன் நான் மட்டும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

யோசித்தால் அவள் எடுத்துக்கொண்ட அர்த்தமே சரி. இந்தக் கேஷ் பிரெஞ்சிலிருந்து வந்தது. மறைத்து வைப்பது என்று பொருள். 1968-ல் ஐபிஎம் கம்பெனி தன் சிஸ்டம் 360 வரிசையில் மாடல் 85 என்ற கம்ப்யூட்டரை விவரித்தபோது, கணக்குப் போடும் பகுதிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த சின்ன, வேகமான நினைவகத்துக்கு இந்தப் பெயர் வழக்கில் வந்தது. பிரெஞ்சுக்காரருக்கும் மறைத்து வைப்பதற்கும் உள்ள சம்பந்தத்தைக் கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாண்டிச்சேரியிலிருந்து வரும் பஸ்ஸில் சாவடியில் ஏறிப் பையைத் தடவிப் பார்க்கும் போலீஸ்காரரே சொல்வார்.

கேஷைத் துடைக்க மூன்று சாவிகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட். ஷிப்ட் என்ற சொல்லோடு எனக்கு முப்பது வருஷப் பழக்கம் என்பதால் தைரியமாக அழுத்தினேன். ஒரு பெட்டி வந்தது. எவ்வளவு காலத்துக்கு உரியதை அழிக்க வேண்டும் என்று கேட்டது. கடைசி ஒரு மணி நேரம், 24 மணி நேரம், 7 நாள், 4 வாரம், ஆல் டைம். ஒரு மணி நேரம் போதும் என்று எந்தக் குற்றவாளியாவது சொல்வானா? ஆல் டைம். கீழே வரிசையாகக் கட்டங்கள்: பார்த்த பக்கங்கள், குக்கீகள், தேங்கிய படங்களும் கோப்புகளும், பாஸ்வேர்டுகள், படிவத்தில் தானாக நிரம்பும் விவரங்கள். மகள் சொன்னது அதில் ஒரே ஒரு கட்டம். நான் எல்லாவற்றிலும் டிக் அடித்தேன். கல்யாணப் பந்தியில் இலை எடுக்கிறவர் மாதிரி, பாதி சாப்பிட்டவர், உட்காரப் போகிறவர் என்று பார்க்காமல் ஒரே சுருட்டு.

ராத்திரி பதினொன்றரைக்குப் போன் அடித்தது. "அப்பா, என் பாஸ்வேர்டெல்லாம் எங்கப்பா?"

அந்தக் கம்ப்யூட்டரில் அவள் கணக்குதான் இன்னும் உள்ளே இருந்திருக்கிறது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்படி இரண்டும் பிணைத்துக் கிடந்திருக்கிறது. 26-ஆம் வட்டத்தில் நான் ஒரு பட்டனைத் தட்டியதற்கு வேளச்சேரியில் ஒரு பெண் தன் சம்பளச் சீட்டைத் திறக்க முடியாமல் நிற்கிறாள். எங்கள் தெர்மல் மின்நிலையத்தில்கூட இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு சீக்கிரம் கரண்ட் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

காலையில் வீட்டிலும் அதே கதை. கேஸ் புக் பண்ணுகிற இடம், மகளுக்கு டிரெயின் டிக்கெட் போடுகிற இடம், பேங்க், எல்லாமே "நீங்கள் யார்?" என்று கேட்டன. இருபத்தாறு வருஷம் ஒரே வட்டத்தில் இருந்துவிட்டு, திடீரென்று வாட்ச்மேன் அடையாளச் சீட்டு கேட்டால் எப்படி இருக்கும்? பேங்க் மட்டும் மூன்று முறை தப்பாகப் போட்டதற்குத் தண்டனையாக ஒரு நாள் பூட்டிவிட்டது. தப்பு என்னுடையது, பூட்டு அவர்களுடையது.

சரி, வேகமாவது வந்ததா என்றால், வத்தக்குழம்பு முன்பு வந்ததைவிடத் தாமதமாக வந்தது. இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நின்றிருப்பான். நான் போதிய அளவு அழிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். மறுநாளும் அழித்தேன். அதற்கு மறுநாளும். பல் தேய்ப்பது மாதிரி தினமும். அழிக்க அழிக்கப் பக்கங்கள் மெதுவாக வந்தன. மெதுவாக வரவர அழித்தேன். கிணற்றுக்காரர் கதைதான். 1930-களில் இங்கே ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பார்கள். பழுப்பு நிலக்கரி. அவருக்குக் கறுப்பு வந்ததால் ஒரு ஊரே பிறந்தது. எனக்குக் கறுப்புத் திரைதான் வந்தது.

அடுத்து பயர்பாக்ஸை இறக்கினேன். அதில் விலாசம் எழுதுகிற இடத்தில் அபவுட் கன்ஃபிக் என்று அடித்தால் உள்ளறை ஒன்று திறக்கும். வாசலிலேயே எச்சரிக்கைப் பலகை, ஆபத்தை ஏற்றுக்கொண்டு தொடர் என்று ஒரு பட்டன். சுரங்கத்தில் வேலை பார்க்கிறவன் பலகைக்குப் பயப்படுவானா? டிஸ்க் கேஷ் என்ற வரியை ஃபால்ஸ் ஆக்கினேன். மெமரி கேஷையும் ஃபால்ஸ் ஆக்கினேன். இனி இந்த வீட்டில் எதுவும் தங்காது, தடயமே கிடையாது என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டு இன்டர்நெட் என் போனிலிருந்து வருவது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. ஒவ்வொரு பக்கமும் தன் தலைப்புப் படம், எழுத்துரு, ஓரத்துக் கோடு எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வரவழைத்தது. காலை பத்தேகாலுக்கு டேட்டா தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தி. அவள் பார்க்கும் சீரியல் பதினொன்றுக்கு. அதன் விளைவுகளைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை.

பயந்துபோய்த் திரும்ப உயிர் கொடுத்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் தாராளமாகவே கொடுப்போம், 500 எம்பி இருக்கட்டும் என்று, அளவைத் தானாக முடிவு செய்யும் வசதியை நிறுத்திவிட்டு, என் கையாலேயே 500 என்று போட்டேன். அந்த இடத்தில் கணக்கு எம்பியில் இல்லை, கேபியில். நான் கொடுத்தது அரை எம்பி. அவள் அண்ணன் மகள் அனுப்பும் ஒரு காலை வணக்கம் ரோஜாப் பூவுக்கே அது போதாது. ஒரு படத்தை உள்ளே வைக்கும்போதே இன்னொன்றை வெளியே எறிந்துகொண்டு அந்தக் கம்ப்யூட்டர் நாலு நாள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. வேலையில் அரைச் சம்பளம், அரை லீவு எல்லாம் தெரியும். அரை எம்பியில் குடும்பம் நடத்தச் சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை மகளே பஸ் ஏறி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுமுன் கம்ப்யூட்டரைத் திறந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டாக்டர்கள் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்களே, அப்படி.

"அப்பா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"தெரியாத மாதிரி கேக்கற. பங்கர்ல."

"பங்கர் எதுக்கு?"

இதென்ன கேள்வி. சுரங்கத்தில் பக்கெட் வீல் வெட்டுகிற வேகம் ஒன்று, தெர்மல் எரிக்கிற வேகம் இன்னொன்று. ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டுவது தடைபடும். எரிப்பது தடைபடக் கூடாது. நடுவில் கொட்டி வைக்க ஒரு இடம் வேண்டும். அதுதான் பங்கர். கன்வேயரில் வருகிறதை வாங்கி, கேட்கும்போது கொடுப்பது. முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

"தினமும் காலைல பங்கரைக் காலி பண்ணி, பெருக்கி, கழுவி விட்டுட்டு, 'சுத்தமா இருக்கு பாருங்க'ன்னு நின்னா தெர்மல்காரங்க என்ன சொல்வாங்க?"

என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். பெற்ற பெண்ணிடம் சொல்லக்கூடிய சொற்கள் இல்லை.

"இத்தனை வருஷமா கேஷ்லதான்ப்பா வேலை பாக்கறீங்க" என்றாள்.

எனக்கு உறைத்தது. தெர்மலைச் சுரங்கத்தின் பக்கத்திலேயே ஏன் கட்டினார்கள்? 1956-ல் கம்பெனி வந்து, அடுத்த வருஷம் தோண்ட ஆரம்பித்து, சோவியத் உதவியோடு 1962-ல் முதல் மின்சாரம் எடுத்தது எல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நம் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை ரயிலில் ஏற்றித் தூரத்துக்கு அனுப்பினால் பாதி வண்டி தண்ணீரை இழுத்துக்கொண்டு போகிற கணக்கு. (சென்னைக்குத் தண்ணீர் தேவைதான். அதற்குக் குழாய் இருக்கிறது.) தூரத்திலிருந்து கொண்டு வருவது செலவு, பக்கத்தில் வைத்துக்கொள்வது லாபம். இதே கணக்குத்தான் அந்தத் துவையல் அரைக்கும் பெட்டிக்குள்ளும் ஓடுகிறது. வத்தக்குழம்புப் பக்கத்தின் தலைப்புப் படம் முதல் தடவை எங்கோ ஒரு ஊரிலிருந்து வருகிறது. அடுத்த தடவை வீட்டு ஹார்ட் டிஸ்கிலிருந்து. நான் தினமும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஏன் தாமதம் என்று கேட்டிருக்கிறேன்.

"சரி பாப்பா, கொட்டிக்கிட்டே போனா?"

"பங்கர்ல கொட்டிக்கிட்டே போனா?"

தானாகத் தீப்பிடிக்கும். பழுப்பு நிலக்கரியின் குணம் அது. நாள்பட்ட குவியல் உள்ளுக்குள் சூடேறிப் புகையும். அதனால் முதலில் வந்ததை முதலில் அனுப்ப வேண்டும், தண்ணீர் தெளிக்க வேண்டும். கேஷிலும் அப்படி ஒரு ஏற்பாடு முன்பே இருக்கிறதாம். ஒவ்வொரு படத்தையும் அனுப்பும்போதே, எத்தனை விநாடி வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டும் ஒட்டி அனுப்புகிறார்கள். 86400 என்று இருந்தால் ஒரு நாள். 31536000 என்றால் ஒரு வருஷம். கெடு முடிந்ததும் பிரவுசர் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப இறக்காது, "என்னிடம் உள்ளது பழசாகிவிட்டதா?" என்று கேட்டு ஆள் அனுப்பும். மாறவில்லை என்றால் 304 என்ற எண்ணை மட்டும் பதிலாக அனுப்புவார்கள். இருக்கிறதையே எரி என்று அர்த்தம். இடம் நிறைந்தால் பயன்படாததை அதுவே வெளியே தள்ளும். ஆக, நான் காவல் காத்த பெட்டிக்குள் என்னைவிடத் திறமையான ஒரு பங்கர் ஆபரேட்டர் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவனைத்தான் தினமும் டிஸ்மிஸ் செய்துகொண்டிருந்தேன்.

ஏதாவது ஒரு பக்கம் மட்டும் பழசாகவே நின்றால் கண்ட்ரோல், ஷிப்ட், ஆர் மூன்றையும் அழுத்து, அந்தப் பக்கம் மட்டும் புதிதாக வரும் என்றாள். ஒரு பல் வலிக்கு ஒரு பல்லைப் பார்ப்பது. நான் மொத்தத் தாடையையும் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வேகம் சரி. என் உண்மையான வியாதி வேறல்லவா? யாருக்கோ நடந்தது மாதிரி மெதுவாகக் கேட்டேன். "ஒருத்தர் என்ன பாத்தார்னு கேஷை வச்சு மத்தவங்க கண்டுபிடிக்க முடியுமா?"

"பாத்திருக்காங்கப்பா" என்று அதையும் விளக்கினாள். 2000-லேயே அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஃபெல்டன், ஷ்னைடர் என்ற இருவர் இதை எழுதியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா வந்து, "கொஞ்சம் ரவை இருக்குமா?" என்று கேட்கிறார். நாம் உள்ளே போய்ச் சட்டென்று டப்பாவோடு வந்தால், நேற்று கடைக்குப் போயிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கடைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வைத்தால், போகவில்லை என்று தெரிந்துவிடும். ரவை அவருக்கு வேண்டியதே இல்லை. அப்படித்தான் ஒரு இணையப் பக்கம் இன்னொரு பக்கத்தின் படத்தை உன் பிரவுசரிடம் கேட்டு, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று அளக்கும். உடனே வந்தால் நீ அங்கே முன்பே போனவன்.

நான் வியர்த்துவிட்டேன். பண்ருட்டி வயலில் வெள்ளைக் கல்லின் படம் எவ்வளவு சீக்கிரம் வரும்!

இப்போது பயப்பட வேண்டாமாம். ரவை டப்பாவை வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டார்கள். எந்தப் பக்கத்துக்காக வாங்கினாயோ அந்தப் பக்கம் கேட்டால்தான் கேஷிலிருந்து கிடைக்கும். வேறு பக்கம் கேட்டால் புதிதாகத்தான் வர வேண்டும். சஃபாரி 2013-லேயே செய்தது. குரோம் 2020-ல், 86-ஆம் பதிப்பில். பயர்பாக்ஸ் 2021 ஜனவரியில், 85-ல். ஒரே எழுத்துருவைப் பத்து பக்கத்துக்காகப் பத்து தடவை இறக்க வேண்டிவரும். அந்தரங்கத்துக்கு அது கூலி. என்னைக் கேட்டால் நியாயமான கூலி. ஆனால் மகள் அடுத்துச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. பின்னாலேயே விளம்பரம் வருவதற்கும் கேஷுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. அது குக்கீயின் வேலை. 1994-ல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி என்பவர், வந்தவரை அடையாளம் வைத்துக்கொள்ள ஒரு சின்னச் சீட்டாக ஆரம்பித்தது. அதிலும் நாம் போகிற பக்கத்துக்காரர் கொடுக்கிறதைவிட, அங்கே ஓரமாகக் கடை போட்டிருக்கும் மூன்றாம் ஆள் ஒட்டிவிடும் சீட்டுதான் ஊர் ஊராகக் கூட வரும். அதை மட்டும் தடுக்க செட்டிங்கில் தனி இடம் இருக்கிறது. அவளே போட்டுவிட்டாள். கேஷைப் பழையபடி தானியங்கியில் விட்டாள். மொத்தம் இரண்டு நிமிஷம். நான் இரண்டு வாரம் பட்டது.

"இன்காக்னிடோ வச்சிருந்தா இதெல்லாம் தேவையே இல்லையோ?" என்றேன். தொப்பியும் கண்ணாடியும் போட்ட படத்தோடு வருமே, அந்த ஜன்னல். மூடியதும் இந்தக் கம்ப்யூட்டரில் தங்கியதை அது துடைத்துவிடும்; வெளியே இருக்கிற பக்கத்துக்காரருக்கும் இன்டர்நெட் கொடுக்கிறவருக்கும் நீ வந்துபோனது தெரிந்தே இருக்கும் என்றாள். பழைய படத்தில் கதாநாயகன் கன்னத்தில் ஒரு மரு ஒட்டிக்கொண்டால் வில்லனுக்கு அடையாளம் தெரியாது. கொட்டகையில் இருக்கிற நமக்கெல்லாம் தெரியும். அந்த மாதிரி.

"யார்கிட்டப்பா மறைக்கணும்?" என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் அடுப்படியில் அவள் அம்மாவின் போன் அடித்தது. "ஆமாங்க... இல்லைங்க, அவர் நைட் ஷிப்ட், ஞாயித்துக்கிழமைன்னா முடியும்... எட்டரைக்கு வண்டி அனுப்பிடுங்க. கார்னர் மனை வேண்டாம், தெருக்குத்து வருது. சதுர அடிக்கு நாப்பது ரூபா குறைக்கறேன்னு சொன்னீங்களே, அதை மறந்துடாதீங்க."

எனக்குக் கால் தரையில் இல்லை. விலை தெரிந்துகொள்ள மொபைல் எண்ணைப் பதியவும் என்று முதல் நாளே அந்தப் பக்கம் கேட்டது. பதிந்தேன். கேஸ், ரேஷன், ஸ்கூல், பேங்க் என்று எதற்கு நம்பர் கேட்டாலும் அவள் நம்பரையே கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை. என் நம்பர் எனக்கு இன்றைக்கும் பாடமில்லை. ஆக, கம்ப்யூட்டரில் இரண்டு வாரம் நான் தடயம் அழித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர்கள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை அவளோடு பேசியிருக்கிறார்கள்.

"உங்களுக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள், கரண்டியைக் கீழே வைக்காமலே.

"விருத்தாசலம்?"

"எங்க அண்ணி இருக்கற தெருவுல நான் எப்படிங்க இருக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு வண்டி வந்தது. அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நானும் மகளும் பின்னால். மனை எனக்குப் பிடித்திருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. அட்வான்ஸ் எவ்வளவு என்று அவள் கேட்டு, மடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்தாள். அரிசித் தவிடு ஒட்டிய நோட்டுக் கட்டு. மேஜைமேல் எண்ணினோம். 46,500 ரூபாய். அதில் 3,000 செல்லாது. மூன்று பழைய ஆயிரம் ரூபாய் நோட்டுகள், 2016 நவம்பர் 8 ராத்திரியோடு கெடு முடிந்தவை. வீட்டுக்கு வந்ததும் அவற்றைத் திரும்ப டின்னிலேயே போட்டு வைத்திருக்கிறாள்.